வான்கோழிக்கு வைத்த வெடி

அவிந்த முட்டை பழுதானதுபோல மூக்கைக் குடையும் கந்தகப் புகை மணம் புதுவருடத்துக்குப் பிள்ளைகள் வாணம் விடும்போது நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடி வீடுவரை ஏறிவரும். நாற்பது வயதாகியும் நான் யன்னலைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

அப்பாவோடு பேக்கரியில் வேலைசெய்த ஓலாவ் என்ற முதியவருக்குப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் சிறிய பண்ணை இருந்தது. நத்தார்ப் பண்டிகை விருந்துக்கென்று அவர் வளர்த்த வான்கோழிகளில் ஒன்று வேலி தாண்டி ஓடி, காட்டோர மரங்களில் குடியேறி, இரண்டு கிழமையாக அவருக்குக் கூத்துக்காட்டியது. அவர் வீட்டில் இருந்ததோ பாட்டன் காலத்துத் துவக்கு ஒன்று: குழாயின் வாய்வழியே வெடிமருந்திட்டு இடித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கவைப்பது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. வன்னியில் "இடியன்" என்பதும் ஏறக்குறைய இதுதானே என்று அப்பா, ஒருவரும் கேட்காமலேயே, சுட முன்வந்தார்.

"அங்கை இவருக்குத் தப்பின காட்டுக்கோழியெல்லாம் இஞ்சை வந்து நிக்குது போல" என்றார் அம்மா. மருந்தை அடைக்கத் தேங்காய்த் "தும்பு"தான் வேணுமென்று அப்பா வாசல் கால்மிதியில் ஒரு பிடி பிடுங்கியதற்கு அம்மாவிடம் வேறாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது; அடம்பிடித்துக் கூடப்போனேன். மருந்து கொட்டி, தும்பு வைத்து, ஈயச் சன்னம் போட்டு, கோலால் இடித்த அந்த மனிதர், பேக்கரி மாவோடு வீடு வந்து சோபாவில் தூங்கிவிடும் அப்பா அல்லர். கை அவ்வளவு வேகம், முகம் அவ்வளவு இளமை. அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, மூச்சை அடக்க, எல்லாம் சொல்லித்தந்தார். வேட்டைக்காரர் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லும் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

வான்கோழி அரிதாள் வயலுக்கு இறங்கியது. அப்பா விசையை இழுத்தார். கல் உரசிப் பொறி பறந்தது, வெளியே வைத்த மருந்து குப்பென்று எரிந்தது. குழாய் பேசாமல் இருந்தது. கோழி எங்களைத் திரும்பிப் பார்த்தது. காரியம் கெட்டுவிட்டது, கையாலேயே பிடிப்போம் என்று நான் துவக்குக்கு முன்னால் பாய்ந்து ஓடினேன்.

"சிவம்! விழுந்து படடா, சிவம்!"

சிவம் என் பெயரல்ல. அப்பாவின் தம்பி பெயர். போரில் எறிகணைச் செல் விழுந்து செத்தவர் என்று வீட்டில் மாலையோடு தொங்கிய படத்திலிருந்த சித்தப்பா. ஆனாலும் அந்தக் குரலுக்கு நான் முகங்குப்புற விழுந்தேன். தலைக்கு மேலே இடிபோல வெடித்தது. அப்பா குழாயை வானத்துக்கு உயர்த்தியிருந்தார். புகைக்குள்ளிருந்து தவழ்ந்து வந்து, என் தலை, முதுகு, கால் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். கோழி போய்விட்டது; அதை ஓலாவ் பிறகு வலை போட்டுப் பிடித்தாராம்.

திரும்பி வரும்போது அப்பா காரை ஓரமாக நிறுத்தினார்.

"பொறி பறந்தாப் பிறகும் மருந்து உள்ளுக்கை கிடந்து எரியும். முன்னாலை போகக்கூடாது. சிவம் அப்பிடிப் போனவன்." பிறகு சொன்னார்: "செல் விழேல்லை, பிள்ளை. துவக்கு என்ரை கையிலை இருந்தது. அம்மாக்குச் சொல்லாதை."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதன்பின் அப்பாவோடு தனியே இருக்கும்போதெல்லாம் சித்தப்பாவும் அந்த அறையில் இருப்பார். எனக்குப் பயமாக இருக்கும்; அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்ததென்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் அறைக்குள் வந்ததும் அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

இன்று அந்தப் பண்ணையில் வரிசை வீடுகள். ஓலாவ் இல்லை. போன பனிக்காலத்தில் அப்பாவும் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு அவரது வாழ்க்கைக் குறிப்பை அம்மா சொல்லச்சொல்ல நான் கணினியில் எழுதினேன்.

"அருமைத் தம்பியைச் செல்லடியில் பறிகொடுத்தும் மனந்தளராதவர்" என்றார் அம்மா.

என் விரல்கள் நின்றுவிட்டன.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "எழுது, பிள்ளை" என்றார். "எனக்கும் தெரியும்."

எழுதினேன்.