பேண்டேஜ் துணி ஒட்டிய இறக்கை

கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் பால்சா மரத்தின் வாசனை வந்தது. நாமே ஒட்டிச் செய்து ரிமோட்டில் பறக்கவிடும் விமானம். என் மகளுக்கு இதுதான் முதல்.

நான் எட்டாவது படித்தபோது, ராஜபாளையத்திலிருந்து இதேபோல ஒன்று வாங்க அம்மா என்னை மதுரைக்குக் கூட்டிப்போனாள். எங்களுக்குப் பேண்டேஜ் துணித் தறிகள் இருந்தன. கடையில் அகல இறக்கை விமானம்தான் பழகுவதற்கு நல்லது என்றார்கள். நான் ஒல்லி இறக்கைச் சிவப்புப் போர்விமானத்தை விடவில்லை.

“இது பாப்பா கையில ஒருநாள் தாங்காதும்மா.”

“அவ ஆசப்பட்டதையே குடுங்கண்ணே. ஒடஞ்சா ஒட்டிக்கிடலாம். எங்க தறியில துணி எம்புட்டு கெடக்கு!” என்றாள் அம்மா.

ஒரு மாதம் உட்கார்ந்து செய்தோம். வன்னியம்பட்டிப் பக்கம் வற்றிய கண்மாயில் பறக்கவிட்ட ஒரே நிமிடத்தில் மூக்குக் குத்தி விழுந்தது. இறக்கை முறிந்துவிட்டது. அழுதேன்.

“ஏட்டி, எதுக்கு அழுகுத? தூக்கிட்டு வா.”

அம்மாவின் கூடையில் பசையும் பேண்டேஜ் துணியும் இருந்தன. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள். மறுவாரம் அந்தக் கட்டோடுதான் விமானம் பறந்தது.

இப்போது மகள் ஒல்லி இறக்கை வைத்ததைக் காட்டுகிறாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.

“அதையே குடுங்க” என்கிறேன். போகும் வழியில் மருந்துக்கடையில் வண்டியை நிறுத்த வேண்டும்.