பிழையாக அடித்த ஃப்ரெட் கம்பிகள்

பைபர் படகு திருத்தும் இடத்தில் ரெசின் பசை குழைக்கும்போது ஒரு மணம் வரும். மூக்கைக் குத்தும், கண் கொஞ்சம் எரியும். இன்றைக்கும் அந்த மணம் பட்டால் எனக்குப் படகு ஞாபகம் வராது... என் முதல் பேஸ் கிட்டார்தான் வரும்.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம் அது. நான் சீனன்குடாவில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன். லீவு நாட்களில் சேவியர் அண்ணனின் மியூசிக் குரூப். சேவியர் அண்ணன் கீபோர்ட். நவாஸ் டிரம்ஸ், மற்ற நாட்களில் கிண்ணியாவில் படகு திருத்துகிறவன். நான் ஸ்பீக்கர் தூக்குகிறவன், வயர் இழுக்கிறவன்.

குரூப்பில் பேஸ் கிட்டார் இல்லை. சேவியர் அண்ணன் வலது கையால் பாட்டை வாசித்துக்கொண்டே இடது கையால் பேஸையும் சமாளிப்பார். அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் ஸ்பீக்கர் தூக்கினேன். அவருடைய தம்பியின் கிட்டாரை வாங்கி, பேஸுக்கு உள்ள மாதிரி மேல் நாலு தந்தியை மட்டும் தட்டிப் பழகினேன். பேஸ் ஒன்றோடு வந்தால் குரூப்பில் வாசிக்கச் சேர்ப்பேன் என்று ஒருநாள் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உப்புவெளியில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்ப முன்னம் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சைக்கிள், குக்கர், மீன் தொட்டி... மூலையில் ஒரு பேஸ்!

கையில் எடுத்தால், கழுத்துப் பலகை வழுவழுவென்று இருக்கிறது. விரல் வைக்கும் இடத்தைக் காட்டக் குறுக்கே இருக்கவேண்டிய ஃப்ரெட் கம்பிகள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கழன்று விழுந்த சாமானுக்கு இந்த விலையா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். மனுஷன் பேஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு விலையைக் குறைத்தார். நான் வெட்டி வீழ்த்திய நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

ஃப்ரெட் இல்லாமலே செய்து விற்கிற பேஸ் உலகத்தில் உண்டு என்று அப்போது எனக்கு யார் சொல்ல?

நவாஸிடம் காட்டினேன். கம்பி அடித்துத் தருகிறேன், இதெல்லாம் ஒரு வேலையா என்றான். சேவியர் அண்ணனின் தம்பியின் கிட்டாரில் சீமெந்துப் பைப் பேப்பரில் கிழித்த கீலம் ஒன்றை வைத்து, ஃப்ரெட் இருக்கும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். பேப்பரும் பேஸுமாக, ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைப் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். நவாஸ் அந்தக் கோடுகளைப் பார்த்து வாளால் கீறி, பித்தளைக் கம்பியைத் தட்டி இறக்கினான். கடைசியில் முக்கால் சாண் பலகை வெறுமையாக மிஞ்சியது. அது பரவாயில்லை, அந்த உயரத்தில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்றான். நானும் ஓம் போட்டேன்.

முதல் பிராக்டிஸ். தந்தியைச் சும்மா தட்டினால் சுருதி சரி. விரலை வைத்தால் பிழை. மேலே போகப் போக இன்னும் பிழை. சேவியர் அண்ணன் தம்பியின் கிட்டாரைக் கொண்டுவந்து பேஸுக்குப் பக்கத்தில் வைத்தார். பேஸின் கழுத்து எவ்வளவோ நீளம். சின்ன ஆளின் அளவில் பெரிய ஆளுக்குச் சட்டை தைத்திருக்கிறோம்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. நாங்கள் வாசிக்க ஒத்துக்கொண்ட மாதா கோயில் பெருநாளுக்கு இன்னும் இரண்டே கிழமை.

சேவியர் அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, உமக்கு இந்த முறை ஏலாது. நான் கீபோர்டிலயே வாசிக்கிறன். நீர் வழக்கம்போல சவுண்டைப் பாரும்," என்றார்.

நவாஸ் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான்.

"கம்பி அடிச்சது நான். பிழை என்ட கையில. அவனை ஏன் நிப்பாட்டுறீங்கள்? அவன் இல்லாட்டி நானும் இல்ல."

அண்ணன் கீபோர்டை நிப்பாட்டி உறையைப் போட்டார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த நாளே நவாஸ் குறட்டால் அத்தனை கம்பியையும் பிடுங்கினான். கீறின இடத்தில் படகுக்குப் பூசும் ரெசினை நிரப்பி உரசிவிட்டான். பலகை பழையபடி வழுவழு. ஆனால் பிழையான கோடுகள் மட்டும் மங்கல் வெள்ளையாக அப்படியே நின்றன. கோட்டைப் பார்த்தால் பிழையாகிவிடும், காதைத்தான் நம்பவேண்டும்.

வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பேஸும் கையுமாகப் போய் இருந்துவிடுவேன். ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் ஒரே ஒரு சுருதி அசையாமல் நிற்கும். பேஸின் உடம்பில் தாடையை வைத்துக் கேட்டபடி, அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் என் விரலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு இடமாகப் பிடித்தேன். சோற்றுப் பார்சல் பல நாள் பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது.

பெருநாள் பின்னேரம். நானும் பேஸோடு மேடையில் ஏறினேன். சேவியர் அண்ணன் என்னை நம்பவில்லை. நான் வாசிக்க வாசிக்க, அவருடைய இடது கையும் அதே பேஸை மெல்லமாக வாசித்துக்கொண்டிருந்தது. முதல் பாட்டு அப்படி. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவது பாட்டின் நடுவில் அந்தக் கையைத் தூக்கினார். தன் முழங்காலில் வைத்தார். கடைசிப் பாட்டு வரைக்கும் அதை எடுக்கவேயில்லை.

நவாஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் வரவில்லை. உண்மையைத்தானே சொல்லவேண்டும்.

இப்போது என்னிடம் கொழும்பில் வாங்கிய ஐந்து தந்தி பேஸ் இருக்கிறது. ஃப்ரெட் எல்லாம் அளந்து வைத்த மாதிரி. சுருதி பார்க்க போனில் ஆப். எதை வாங்க முன்னமும் நாலு வீடியோ பார்க்கிறேன். ஏமாறவும் ஏலாது... நவாஸின் ரெசின் தேவைப்படவும் இல்லை. குரூப்பும் இல்லை.

இப்போது கனடாவில் இருக்கும் சேவியர் அண்ணன் போன மாதம் வந்தார். நவாஸின் படகு திருத்தும் கடையில் மூன்று பேரும் கூடினோம். இப்போது அவரிடம் உள்ள சின்ன கீபோர்டில் ஒரு பட்டனை அமத்தினால் பேஸ் தானாகவே ஓடும். பழைய பேஸைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதில் இருந்த வெள்ளைக் கோடுகளைத் தடவிப் பார்த்தார்.

பிறகு அந்தப் பட்டனை அமத்தி, தானாக ஓடிய பேஸை நிப்பாட்டினார். இடது கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, "ம்... நீர் தொடங்கும்," என்றார்.