வரப்பில் நின்ற பூபாலன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் பூபாலன். ஆனால் மதுராந்தகத்தைச் சுற்றி நெல் அறுக்க மிஷின் வேண்டுமென்றால் முதல் போன் அவருக்குத்தான் போகும். மூட்டை தூக்கிய முதுகு அது. இன்று சொந்த மிஷினே வைத்திருக்கிறார். கைதூக்கி விட்டவன் ஒருவனும் இல்லை. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவார்.

அன்று எல்லம்மாளின் வயலில் அறுப்பு. நெல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. மேற்கே வானம் மையாகக் கறுத்தது. மழை விழுந்தால் அத்தனையும் சேற்றோடு போகும். மிஷினைக் காணோம்.

எல்லம்மாளோடு வயலோரம் காத்து நின்ற பூபாலனின் போன் அலறியது. ஓட்டுநர் கேசவன், ஆத்தூர்க்காரர், ஊருக்குப் புதுசு.

"பெரியவரே, வந்துட்டனுங்க. இங்க டீக்கடைதானுங்க இருக்குது. பஸ்சுக்காரன் வேற திட்டறான்."

"டீக்கடையா? காலைல லொகேசன் ஷேர் பண்ணேனே."

"எங்க இருந்துங்க பண்ணுனீங்க?"

பூபாலனுக்குச் சுருக்கென்றது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், டம்ளரும் கையுமாக.

"நான் வயலை நெனச்சிகினுதானேய்யா அனுப்பனேன்."

"நெனச்சது அதுக்குத் தெரியாதுங்க. நீங்க நிக்கற இடம்தானுங்க வரும். இப்ப லைவா போடுங்க. நீங்க நகர்ந்தா அதுவும் நகரும்."

எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்சவனுக்கே பாடம் எடுப்பேன்னியே அண்ணாத்த."

பூபாலன் வயல் வரப்பில், தண்ணீர் பாயும் வாய்மடையில் ஏறி நின்று போனை அமுக்கினார். அதோடு சரி, ஆள் கல்தூண். காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. முதல் துளி மூக்கில் விழுந்தது.

"நனையாத, பம்பு செட்டாண்ட வாயேன்," என்றாள் எல்லம்மாள்.

"வந்தா மிஷினும் அங்கதான் வரும். போம்மே."

ஏரிக்கரைத் திருப்பத்தில் உறுமல் கேட்டது. சிவப்பு மிஷின் புழுதி கிளப்பிக்கொண்டு நேராக அவர் காலடிக்கே வந்து நின்றது. பூபாலனின் மார்பு ஒரு சாண் அகன்றது. கேசவன் வயலில் இறங்கினார் பாருங்கள், கதிர் சரசரவென்று மிஷினின் வாய்க்குள் ஓடியது. டிராக்டர் டிரெய்லரில் நெல் அருவியாகக் கொட்டியது. கடைசிச் சால் முடிந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டவும், வானம் பிளந்துகொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது.

தொப்பலாக நனைந்தபடி, போனை வேட்டி மடிப்பில் பொத்திக்கொண்டு, பூபாலன் இன்னும் வாய்மடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அறுத்து முடிச்சாச்சி அண்ணாத்த. எறங்கு," என்றாள் எல்லம்மாள்.

"இப்ப புரிதா? நான் நின்னேன், மிஷின் வந்துச்சி," என்றார் அவர், மீசையைத் துடைத்தபடி.