கதிரையைப் பின்னுக்கு இழுத்தவர்

பாக்கியண்ணை போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அதற்காகக் கவலைப்பட்டு வரவில்லை. வீட்டுத் தண்ணீர் மோட்டரை அண்ணையிடம் திருத்தக் கொடுத்துவிட்டு அலைந்துகொண்டிருந்த மனிதர் அவர். காலையில் படலையடியில் நின்று கூப்பிட்டுக் களைத்துப்போய், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்தேன். அண்ணை கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் மருந்து கொடுத்தே கிழவியானவள் நான், தொட்டால் தெரியும். வெளியே வந்து சொன்னேன். வந்தவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப என்ரை மோட்டர் முடிஞ்சுதோ அக்கா?" என்று கேட்டார்.

கேட்டவரில் பிழையில்லை. பாக்கியநாதர் ஊரை அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்டவர் அவருடைய தம்பி எமில், கனடாவிலிருந்து. அண்ணையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுங்கோ என்றார். பிறகு, "அக்கா, கடைசியா என்னைப்பற்றி ஏதும் சொன்னவரோ? என்னை மன்னிச்சவரோ?" என்று கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல வரிகள் வேண்டியவர்கள் மற்றப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த வீட்டில் எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்றீர்கள். வாய் கூசவில்லையா? அவரிடம் திட்டு வாங்காத ஒருவர் உங்களில் உண்டா? மோட்டரைக் கொண்டுபோய் வைத்து, நேற்றுவரை ஓடினது, திடீரென்று நின்றுவிட்டது என்று தொடங்கினால், "பழுதைக் காட்டும், கதையைக் காட்டாதையும்" என்று வாயை அடைப்பார். மருமகனுக்கு முன்னால் ஒரு மாமனாரைப் பார்த்து, மோட்டரில் குறையில்லை, இதை ஆள்கிறவருக்குத்தான் வயரிங் பிழை என்று சொன்னவர். அந்த மாமனார் இந்த மலரில் கவிதை எழுதியிருக்கிறார். என்னை ஒருநாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. "குளிசை" என்றுதான் கூப்பிடுவார். மாத்திரை கொடுக்கிறவளுக்கு அதுதான் பெயராம்.

ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. நல்ல வெயில். பிரேதத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த மின்விசிறி நின்றுவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து அண்ணையின் கையைப் பிடித்தார். அண்ணை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "விடும். செத்தவருக்கு வியர்க்காது" என்றார். இருக்கிற எங்களுக்கு வியர்க்குமே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் அவரவர் வீட்டு மோட்டர் திருத்துவாரில்லாமல் கிணற்றடியில் கிடந்து இறுகும்.

இனிக் கோச்சிக்கு வருகிறேன். தீவில் ரயில் ஏது என்று கேட்பீர்கள். அவர்களுடைய தகப்பன் வெளிநாட்டுக் கப்பலொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தவர். ஜெர்மனித் துறைமுகத்தில் வாங்கிய விளையாட்டுக் கோச்சி அது. கறுத்த எஞ்சின், உள்ளங்கையில் கல் மாதிரிக் கனக்கும். வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். வீட்டுக் கரண்டைக் குறைத்து அதற்குக் கொடுக்கிற ஒரு ரான்ஸ்போமர். உண்மையான கோச்சியைக் கண்ணால் காணாத இரண்டு பெடியன்கள் விறாந்தையில் குப்புறக் கிடந்து அதை ஓட்டினதை நான் வேலிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். தகப்பன் வாங்கிக் கொடுத்தது இரண்டு பேருக்கும். தாய் மனதில் அது எமிலுடையது.

சண்டை வந்து, தீவைவிட்டு எல்லோரும் வள்ளங்களில் ஏறி ஓடிய காலத்தில் எமில் வெளிநாட்டில் இருந்தார். அந்தத் தாய் எஞ்சினையும் தண்டவாளத்தையும் பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. ரான்ஸ்போமரும் அண்ணையின் மோட்டர் திருத்துகிற ஆயுதங்களும் வீட்டிலேயே விடுபட்டுப் போயின. அண்ணை தாயைத் தோளில் சுமந்து கரையேற்றினார். தாய் சொன்னது என்ன தெரியுமா? தகரம் பத்திரம், எமில் வந்தால் கேட்பான் என்றதாம். ஓடிப்போன இடத்திலேயே அந்தத் தாய் கண்ணை மூடியது. சவப்பெட்டி தூக்க ஆள் போதாமல் அண்ணை முகம் தெரியாதவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறார். எமிலுக்கு அப்போது விசா கிடையாது, வர வழியில்லை. அண்ணைக்கு அது தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை. "தூக்கினது நான், கேட்டது அவனை" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு அண்ணை ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்டார். கரண்டும் வந்தது. எமில் ஒரு கோடைக்கு வருவதாகச் சொன்னபோது அண்ணை அந்தத் தகரத்தைத் திறந்தார். உப்புக்காற்று எஞ்சினைத் தின்றிருந்தது. சில்லுகள் அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். எஞ்சினுக்குள் கரண்டைக் கடத்துகிற, தேய்ந்துபோன கரித்துண்டுக்குப் பதிலாக ஒரு பழைய கிறைண்டரின் கரியை எடுத்து அராவி அராவிச் சிறுப்பித்தார். அதற்குப் பின்னால் தள்ளுகிற கம்பிச்சுருள் பேனை ஒன்றிலிருந்து வந்தது. தேங்காயெண்ணெய் விடலாமே என்று நான் கேட்டதற்கு, எஞ்சினுக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுக்கப்போகிறீரோ என்றார். மோட்டர் கொடுத்தவர்கள் எல்லாம் படலையில் நின்று ஏச, மனிதர் அதையே வைத்துக்கொண்டிருந்தார். தம்பிமேல் பாசம் திரும்பிவிட்டது என்று நான் நம்பினேன். நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

எமில் போனில், ரான்ஸ்போமரைத் தான் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பழையது மாதிரி ஒன்றைக் கனடாவில் தேடிப் பிடித்தாராம். அண்ணை, கொண்டுவா என்று மட்டும் சொன்னார்.

எமில் வந்து இறங்கிய அடுத்த நாள் பின்னேரம் என்னையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசைமேல் தண்டவாளம் பூட்டியிருந்தது. எமில் ரான்ஸ்போமரை எடுத்து வைத்தார். கனடாப் பிளக் எங்கள் சுவரில் ஏறாது என்று, விமானநிலையத்தில் வாங்கிய அடப்டரை அதில் மாட்டினார். வந்ததிலிருந்து தன் போனை இதில்தான் சார்ஜ் போடுகிறேன், நல்லாய் வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சனங்களில் எத்தனை பேர் இதே பிழையை விட்டிருக்கிறார்கள்! அடப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. கனடாக் கரண்டைவிட எங்கள் கரண்ட் இரண்டு மடங்கு. போன் தாங்கும். அந்த ரான்ஸ்போமர் தாங்காது. கரண்டோடு சீவித்த மனிதர் பக்கத்திலேயே இருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. தன் கதிரையை மட்டும் மேசையிலிருந்து பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு இடம் விடுகிறார் என்று நினைத்தேன்.

எமில் சுவிச்சைப் போட்டார். எஞ்சின் அப்படி ஓடி நான் கண்டதில்லை. ஒரே ஒரு வட்டம். வளைவில் தூக்கி எறிந்து, தேத்தண்ணிக் கோப்பையை உடைத்துக்கொண்டு நிலத்தில் விழுந்தது. ரான்ஸ்போமரிலிருந்து புகை. எரிந்த வார்னிஷ் மணம் வீடு முழுக்க. எமில் நிலத்தில் இருந்துகொண்டு எஞ்சினைக் கையில் எடுத்துச் சூடு தாங்காமல் போட்டார். அண்ணை எழும்பவே இல்லை.

"அப்பான்ரை சாமானை எரிச்சுப்போட்டாய் எமில்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நரைத்த தலையோடு எமில் பிள்ளை மாதிரி அழுதார். நிற்க நினைத்து வந்த நாள்வரை நிற்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. டிசம்பரில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போன் எடுத்து, வேறெதுவும் கேட்காமல், அதைத் திருத்த ஏலுமோ அண்ணை என்று கேட்பாராம். அண்ணை, "கடலிலை எறிஞ்சுபோட்டன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

கடைசி மாதங்களில் அவருக்குக் கால் வீங்கி, எழும்பி நடக்க ஏலாமல் போனது. குளிசை கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான்தானே. ஒருநாள் கதவு தட்டாமல் உள்ளே போய்விட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்டவாளம். மோட்டச்சைக்கிள் பற்றறி ஒன்றிலிருந்து இரண்டு வயர். கறுத்த எஞ்சின் தன்பாட்டில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் எரிந்த கம்பியை அவிழ்த்து, தலைமயிர் பருமனான புதுக்கம்பியைத் திரும்பச் சுற்றியிருக்கிறார். வேலிக்கு அப்பால் இத்தனை காலமும் கேட்ட கிர்ரென்ற சத்தத்தை ஊரவர்களுடைய மோட்டர் என்று நினைத்திருந்தேன்.

அண்ணை எனக்கு அதை ஒளிக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. அன்றைக்கு எரியும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டேன்.

"தெரியாமலோ கதிரையைப் பின்னுக்கு இழுத்தனான்?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் குளிசையை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். இதை எமிலிடம் இப்போதே சொல்லுங்கள், அந்த மனிதர் தன்னால் எரிந்ததென்று உருகிக்கொண்டு கிடக்கிறார் என்று சொன்னேன். அவர் வயரைக் கழற்றி எஞ்சினை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "அம்மா கடைசிமட்டும் அவன்ரை பேரைத்தான் சொன்னவ. அவன் வேகட்டும். நீர் சொல்லக்கூடாது, குளிசை. ஓம் எண்டு சொல்லும்." நான் ஓம் என்றேன். நோயாளிக்கு ஓம் சொல்லியே பழகிய வாய் இது.

அவரிடம் நல்லதே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அவ்வளவு நுணுக்கமாக, அவ்வளவு பொறுமையாக அந்தக் கம்பியைச் சுற்றின கை நல்ல கைதான். அந்தக் கையால் ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தகப்பன் இரண்டு பேருக்கு வாங்கிய கோச்சியைத் தனியே ஓட்டிப் பார்த்துக்கொண்டே செத்தார். அவருக்காக நான் அழுதது அதற்காகத்தான். அவருடைய செத்த வீட்டிலும் மின்விசிறி நின்றுபோனது. திருத்த ஒருவரும் இருக்கவில்லை.

எமில் தம்பி, இதை நீர் அங்கே இருந்து வாசிப்பீர். கேட்டதற்குப் பதில் இதுதான். அண்ணை உம்மை மன்னிக்கவில்லை. மன்னிக்க நீர் ஒரு பிழையும் விட்டிருக்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனே என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். செத்தவருக்கு வியர்க்காது.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தப் பிஸ்கற் தகரம் ஒன்றுதான். எஞ்சின் ஓடுகிறது, நேற்றும் ஓட்டிப் பார்த்தேன். வாரும் தம்பி, வந்து எடுத்துக்கொள்ளும். ரான்ஸ்போமர் கொண்டுவராதையும். பற்றறி இங்கே இருக்கிறது.