முழங்கையால் தட்டியவர்

இதில் நான் கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. குறைத்துச் சொன்னது இரண்டு மூன்று உண்டு. நேரங்களை மட்டும் அப்போதே காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். மற்றதெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். பேய்க் கதை கேட்டுப் பயப்பட ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் பயப்படலாம். எனக்கு அந்தப் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருப்பதுதான் போகவில்லை.

என் கணவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தார். ரத்தம், சளி, சீழ் என்று மற்றவர்கள் முகம் சுளிக்கிற எல்லாவற்றையும் தகட்டில் தடவிப் பார்ப்பது அவர் தொழில். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் சீவுகிறேன். வேலை முடிந்து வந்தால், குளிக்கிறவரை அவர் கை வீட்டில் எதையும் தொடாது. சாவிகூட எடுத்துப் போக மாட்டார். முழங்கையால் கதவை இரண்டு முறை இடிப்பார். தொப், தொப். நான் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். அவர் நேராகக் குளியலறைக்குள் போவார். பதினாலு வருஷம் இப்படித்தான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வியாழக்கிழமை இருந்தது. இரவு எட்டு மணிக்கு டிவியில் அந்த ஜாம்பித் தொடர் வரும். செத்தவர்கள் எழுந்து ஊரைச் சுற்றுவார்கள், இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பிழைக்கப் பார்ப்பார்கள். அதைப் பார்க்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். வாயைத் திறப்பவர்கள் ஐந்தாறு பேர்தான். தொடர் முடிந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் குரலில் பேசி அனுப்புவார்கள். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொள்வார்.

"ஈய மறந்துட்டீங்களேப்பா," என்பார் பூச்சிமருந்து அடிக்கிறவர். "ஜாம்பியப் போய் எதுக்குச் சுடணும்? மூணு நாள் வெயில்ல விடு. மீதிய ஈ பார்த்துக்கும். ரெண்டாவது வாரம் பெல்ட்டும் செருப்பும்தான் நடந்து வரும்."

"கடிக்கிறதே நடக்காது," என்பார் பல் டாக்டரம்மா. "செத்தவனுக்கு ஈறு நிக்காது. ஒரு கடி கடிச்சா பல்லு உங்க கையில இருக்கும், அவன் பொக்கை வாயோட நிப்பான். அப்புறம் நான்தான் செட்டு கட்டிக் குடுக்கணும்."

"அதுக்கும் டோக்கன் போட்டு உக்காரணுமா டாக்டரம்மா?"

"பின்ன? வரிசையில நிக்கிற ஒரே ஜனம் அவங்கதான்."

லேப் அண்ணன் என்று அவர்கள் கூப்பிட்ட என் கணவர் கடைசியில்தான் பேசுவார். "தசை இறுகத்தான் சக்தி வேணும்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். தளரவும் வேணும். உடம்புல சக்தி தீர்ந்தா இறுகினது இறுகினபடியே நிக்கும். செத்தவங்க விறைச்சுப் போறது அதனாலதான். ஆக, செத்தவன் ஒரு அடி எடுத்து வைக்கலாம். ரெண்டாவது அடிக்கு வழியில்ல."

"நொண்டியடிச்சு வரட்டுமேண்ணே, பாவம்," என்பார் பூச்சிமருந்துக்காரர். குழுவே சிரிக்கும்.

ஒரு வாரம் தொடரில் ஒரு பெண், செத்துப்போன புருஷன் வாசலில் நின்று கூப்பிட்டதும் கதவைத் திறந்துவிட்டாள். வீட்டில் ஒளிந்திருந்த எல்லோரும் கடிபட்டுச் செத்தார்கள். அவளைக் குழுவில் திட்டாதவர் இல்லை. நான் போனை வாங்கி, "நானா இருந்தாலும் திறப்பேன்," என்று பேசி அனுப்பினேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார்.

"நிஜமாவா?"

"ஆமா. வாசல்ல நிக்கிறவரை வெளியவா விடுவாங்க?"

"கேளு. ஞாபகம் மூளையில ஒரு இடம், பழக்கம் வேற இடம். கடைசியா சாகறது பழக்கம்னு வச்சுக்க. அப்படின்னா திரும்பி வர்றது ஆள் இல்ல, பழைய டேப். பேசும், நடக்கும், உன்னக் கூப்பிடும். ஆனா புதுசா எதுவும் அதுல பதியாது."

"பதியலேன்னு வெளிய தெரியுமா?"

"புதுசா ஒண்ணச் சொல்லு. அடுத்த தடவை வரும்போது அதையே திருப்பிக் கேளு. சொல்லிட்டா உள்ள ஆள் இருக்கான், திற. முழிச்சா டேப். திறக்கக் கூடாது. நானா இருந்தாலும்."

"விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவருடைய உள்ளங்கையில் அடித்து. பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டே.

நாலு மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. லேபிலிருந்து ஒட்டிக்கொண்டது என்றார்கள். தனி அறையில் போட்டார்கள். கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. நான் அந்தப் பக்கம் பதினோரு நாள் நின்றேன். ஏழாம் நாள் நர்ஸ் மனம் இரங்கி எனக்கு ஒரு கவச உடுப்பை எடுத்து வந்தார். உள்ளிருந்து என் கணவர் பார்த்துவிட்டார். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. நர்ஸ் இரங்கினார், அவர் இரங்கவில்லை. கடைசியில் மூடிய பையும் ஒரு நம்பரும்தான் கொடுத்தார்கள். முகம் காட்டவில்லை.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். ஆனால் தொடரைப் பார்ப்பதை விடவில்லை. பார்த்து யாரிடம் சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே பார்த்தேன்.

அவர் போய் ஒன்பதாவது வியாழக்கிழமை. தொடர் முடிந்தது. டிவியை அணைத்தேன். மணி 9.04.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் பழசு, மேலே வரும்போது உறுமும். அன்று உறுமவில்லை. படியில் செருப்புச் சத்தமும் இல்லை.

9.07.

தொப்... தொப்.

கதவின் நடுவில், முழங்கை உயரத்தில்.

என் கால் தானாக எழுந்து போனது. கையும் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. பதினாலு வருஷத்துக் கை. இரும்பு விரலில் பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் இறந்துவிட்டார் என்று.

"முடிஞ்சிடுச்சா?"

அவர் குரல். லேசாக மூக்கடைத்த குரல். லேட் ஷிப்டு முடிந்து வருகிற வியாழக்கிழமைகளில் வாசலில் நின்று முதலில் அதைத்தான் கேட்பார்.

"என்ன ஆச்சு? சொல்லேன்."

கதவில் பார்க்கிற லென்ஸ் ஒன்று உண்டு. லென்ஸே தொழிலாக இருக்கிறவள் நான். அதில் கண்ணை வைக்கத் துணிவு வரவில்லை. குனிந்து பார்த்தேன். வெளி விளக்கின் வெளிச்சம் கதவடியில் கோடு போட்டிருந்தது. கோடு முழுசாக இருந்தது. கால் இரண்டும் மறைக்க வேண்டிய இடத்தில் எதுவும் மறைக்கவில்லை.

சத்தியம் ஞாபகம் வந்தது. புதுசா ஒண்ணச் சொல்லு.

தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தேன். கதவு ஐஸ் மாதிரி இருந்தது. கதை சொன்னேன். தப்பித்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒளிந்தது. செத்தவர்கள் சுவர் ஏறிக் குதித்தது.

"அதெப்படிக் குதிக்கும்? ரெண்டாவது அடிக்கே வழியில்ல."

அழுதுகொண்டே சிரித்தேன். பின்கேட்டைத் தாழ்போட ஓடிய பத்து வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கேட்டைப் பூட்டிவிட்டாள். அவள் மட்டும் வெளியே நின்றுவிட்டாள்.

வெளியே நீளமான மூச்சு.

"பாவம், அந்தச் சின்னப் பொண்ணு."

9.41. "சரி. நீ தூங்கு," என்றார். அதன்பின் எதுவும் கேட்கவில்லை. போகிற சத்தமும் கேட்கவில்லை. 'திற' என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை என்பது காலையில்தான் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க நான் வேலை செய்த லென்ஸ்களில் நாலு உடைந்தது. ஒரே ஒரு கேள்விதான் மனதில். ஞாபகம் இருக்குமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளிக்கூடம் என்றோ, கேட்டு என்றோ. கதவைத் திறந்துவிடுவேன். அதற்கு மேல் என்ன ஆனாலும் ஆகட்டும்.

அடுத்த வியாழக்கிழமை. 9.07.

தொப்... தொப்.

"முடிஞ்சிடுச்சா? என்ன ஆச்சு? சொல்லேன்."

அதே வார்த்தைகள். அதே இடைவெளி.

"போன வாரம் நான் என்ன சொன்னேன்?" என்றேன். கை தாழ்ப்பாளில் இருந்தது.

சத்தமில்லை.

"சொல்லுங்க. போன வாரக் கதையில என்ன ஆச்சு?"

கதவின் மரம் 'டக்' என்றது, ஒரு தடவை.

"தெரியலையே," என்றார். "நீ சொல்லு."

"யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை போதும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியலையே... நீ சொல்லு."

டேப்.

என் கை கீழே விழுந்தது. அவர் சொன்னபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அதற்காகப் பெருமைப்படக்கூட அவர் இல்லை.

ஆனாலும் உட்கார்ந்தேன். அதே கதையை முதலிலிருந்து சொன்னேன். பள்ளிக்கூடம். சுவர். அங்கே கொஞ்சம் நிறுத்தினேன்.

"பாவம், அந்தச் சின்னப் பொண்ணு," என்றார்.

நான் இன்னும் அவளிடம் வரவில்லை.

போன வாரம் பேசியது மறுபடி ஓடுகிறது, ஓடும்போது கொஞ்சம் முந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே சட்டென்று அமைதி. பேசக் கூடாததைப் பேசிவிட்ட ஒருவர் வாயை மூடிக்கொள்வாரே... அப்படி.

9.22.

கதவின் ஐஸ் குளிர் மெல்ல விட்டுப்போனது. அவர் சாய்ந்திருந்த இடம் என்று நான் நினைத்த இடம். நான் எழுந்து...

திறக்கவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை சத்தியத்தை மீறினேன். எட்டு மணியிலிருந்தே கதவை அகலத் திறந்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டேப்பாக இருந்தால் என்ன? டேப்பாவது வரட்டும்.

9.07.

9.30.

11.15.

யாரும் வரவில்லை. அதன் பிறகு என்றைக்கும் வரவில்லை.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பூச்சிமருந்துக்காரர் வந்தார். அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன், ஒடிசலான ஆள். தொடர் முடிந்துவிட்டதாம். லேப் அண்ணன் சொன்ன பதில்களை எல்லாம் ஒரு சின்னப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம்.

"குழுவுல பேசினதெல்லாம் எடுத்தாச்சுக்கா. அண்ணன் எனக்குத் தனியா எழுதினது ஒண்ணு இருக்கு. அதச் சேர்க்கலாமான்னு உங்களக் கேக்காம எப்படி? அதான் வந்தேன்."

"என்ன எழுதினார்?"

"அந்தக் கதவு திறந்த பொம்பளை எபிசோடு ஞாபகம் இருக்கா? கேள்வி கேக்கணும், பதில் தெரியலேன்னா திறக்கக் கூடாதுன்னு அண்ணன் அப்புறம் குழுவுலயும் சொன்னாரில்ல. நான் சும்மா இருக்க மாட்டாம தனியா கேட்டேன், அண்ணே, பதிலச் சரியாச் சொல்லிட்டா நிஜமாவே திறக்கலாமான்னு."

போனை என்னிடம் நீட்டினார். என் கணவர் எழுதியது. ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

"திறக்கக் கூடாது. அவகிட்ட மட்டும் திறக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லேன்னா சத்தியம் பண்ண மாட்டா. வந்து நிக்கிறது டேப்பா இருந்தா அதுக்குப் பதில் தெரியாது. நிஜமா நானாவே இருந்தா, தெரிஞ்சாலும் தெரியலையேன்னுதான் சொல்லுவேன். என்கூட என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு எனக்கே தெரியாதே."

மூன்று தடவை படித்தேன்.

"தண்ணி வேணுமாக்கா?" என்றார் பூச்சிமருந்துக்காரர்.

"இது எப்ப வந்தது?"

"அன்னைக்கே. நேரம் மேல இருக்கு பாருங்க. பத்து நாற்பத்தஞ்சு."

அன்று பத்து நாற்பத்தைந்துக்கு நான் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். போன் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. யாருக்கு எழுதுறீங்க இந்நேரத்துல என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல," என்றார். "நீ தூங்கு."