நூற்று இருபது நாற்காலிகளுக்கு நடுவில்

அந்தக் கடையில் நூற்று இருபது நாற்காலிகள் இருந்தன, சோபாக்கள் தனி. அவற்றை விற்கிற ஐந்து பெண்களில் ஒருத்திகூட ஒன்றிலும் உட்காரக் கூடாது. சட்டம் போட்டவர் மேலாளர். காலையில் வந்ததும் மேசை மேசையாக விரலால் தடவிப் பார்ப்பதால் அவருக்குத் 'தூசி' என்று பெயர். தூசிக்கு மட்டும் ஒரு சுழல் நாற்காலி உண்டு. நிற்கிறவர்களை மேற்பார்வை பார்க்க உட்கார்ந்துதானே ஆக வேண்டும், பாவம்.

'அளவுக்காரி' அங்கே ஒன்பது வருடமாக நிற்கிறாள். உள்ளே வருகிறவர் நடையைப் பார்த்தே எந்த உயரம், கைப்பிடி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் கடைசித் துளைக்கு வந்துவிட்டது. கெண்டைக்கால் திடீர் திடீரென்று இழுத்துப் பிடிக்கும். பிரசவ விடுப்புக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்குள் முடியாமல் வீட்டோடு படுத்தால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

மருத்துவமனை நர்ஸ் கறாரானவள். அரை மணிக்கு ஒருதரம் நிலையை மாற்று, நின்றால் உட்கார், உட்கார்ந்தால் எழுந்து மெதுவாக நட என்றாள். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தினால் பிடிப்பு விடும். உட்காரும்போது இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை வைத்துப் பாதத்தை வட்டமாகச் சுழற்ற வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, எங்கே வேலை என்று கேட்டாள். நாற்காலிக் கடை என்றதும், "அப்ப உனக்கென்ன கவலை" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

அளவுக்காரி தூசியிடம் போய்க் கேட்டாள். "சரக்கு அழுக்காயிடும்மா. நிக்கிறதும் ஒரு உடற்பயிற்சிதான்" என்றார் அந்த மேதை, சுழல் நாற்காலியில் அரைவட்டம் அடித்தபடி. அவள் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டினாள். அதையும் மோப்பம் பிடித்து வந்து, பெயின்ட் போகும் என்று விரட்டினார்.

அந்த வாரமே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்தாள். அளவுக்காரி அவளைக் கைகொடுத்துத் தூக்கி, கைப்பிடி வைத்த நிமிர்ந்த நாற்காலி இரண்டை இழுத்துப் போட்டாள். இப்படி உட்காரணும் என்று காட்டுகிற சாக்கில் ஒன்றில் தானும் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் முதல்முறை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை சுகம். இருவரும் பாதத்தைச் சுழற்றினார்கள். தாய்க்காரி இரண்டு நாற்காலியையும் வாங்கிக்கொண்டாள். திட்ட ஓடிவந்த தூசி, பில் போடுவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் அதே மாதிரி நாற்காலி ஒன்றைப் போட்டு, 'தாய்மாருக்கான நாற்காலி' என்று பலகை மாட்டினார். கடை திறந்து மூடும்வரை அளவுக்காரி அதில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், எழுந்தால் காட்சி கெட்டுவிடும். முதல் அரை மணி சொர்க்கம்தான். அதற்குப் பிறகு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. எழுந்துவிட்டாள்.

தூசி பாய்ந்து வந்தார். "உக்காரணும்னு நீதானே கெஞ்சினே?"

"நிக்கச் சொல்றதும் நீங்க, உக்காரச் சொல்றதும் நீங்க. வலி மட்டும் என்னுதா சார்? அரை மணிக்கு ஒருதரம் நான் நடப்பேன். நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னா நீங்க உக்காருங்க."

தெருமுனை வரை மெதுவாக நடந்து திரும்பினாள். அதற்குள் கண்ணாடி முன்னால் இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்குக் கீழே தூசி தொப்பையும் தானுமாக உட்கார்ந்திருந்தார். வியாபாரம் போய்விடுமே என்ற பதைப்பு. ஒருத்தி வெளியிலிருந்தே கேட்டாள், "எத்தனாவது மாசம் சார்?"

அதற்கப்புறம் அந்த நாற்காலி காலியாவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஐந்து வாரமும் அவள் உட்கார்ந்தாள், நடந்தாள், சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டினாள். விடுப்புக்குப் போகும் அன்று, தூசியின் கண்ணெதிரிலேயே மற்ற நான்கு பெண்களையும் கண்ணாடிப் பக்கம் கூப்பிட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் அரை மணிக்கு ஒருத்தரா இதுல உக்காருங்க. கால் வலிக்கிறதுக்கு வயித்துல புள்ள இருக்கணும்னு இல்ல."

நால்வரில் மூத்தவள் தூசியை ஒருதரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.