பனியன் துணிக்குள் வந்த செல்லாத்தாள்

செல்லாத்தாள் தூரமானால் கம்பெனிக்கே தெரியும், அவளே சொல்லிவிடுவாள். திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடும் செக்கிங் வேலை அவளுக்கு. தொண்ணூற்றாறில் உதிரப்போக்கு அடங்காமல், ஸ்டூலை விட்டு எழவே பயந்தாள்.

கோயமுத்தூர் டாக்டரம்மா கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்.

"எடுத்துப்போட்டு மாசக்கணக்குல படுத்தா, என்ற ஸ்டூல்ல வேறொருத்தி குண்டி வெச்சுக்குவாளுங்க. வேற வழி சொல்லுங்க."

"புதுசா ஒண்ணு சோதனையில இருக்கும்மா. குடிக்கிற மருந்து கர்ப்பப்பையோட உள்தோல்ல போய்த் தங்கும். அப்புறம் உள்ளே மெல்லிசா ஒரு குழாய் விட்டு வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்டா மருந்து அந்தத் தோலைக் கருக்கிடும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது."

"செக்கிங் லைட்டு அங்கயும் வந்துருச்சுங்களா? என்ற ஊட்டுக்காரன் இருட்டுலயே வந்துட்டுப் போன எடமுங்க அது. பாத்து."

நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா எச்சரித்தார்: "ரெண்டு நாளைக்கு வெயில் படக்கூடாது. தோல் வெந்துடும். இருட்டினப்புறம் போங்க."

ஆஸ்பத்திரிச் சோறு அவள் தொண்டையில் இறங்கவில்லை. நடுப்பகலிலேயே கிளம்பினாள். பக்கத்து மேசைக்காரி ஒச்சாயி, மதுரைப் பக்கத்தவள், கம்பெனியிலிருந்து கறுப்புப் பனியன் துணி கொண்டுவந்திருந்தாள். மெஷினிலிருந்து உறை மாதிரியே இறங்கும் துணி. செல்லாத்தாளைத் தலையிலிருந்து கால்வரை அதற்குள் நுழைத்துவிட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் தயங்கினார். "ஏனுங்க, பொணமெல்லாம் ஏத்தக் கூடாதுங்க."

உறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பொணத்துக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா கண்ணு?"

பஸ் திரும்பியது. வெயில் சன்னலில் ஏறியது. செல்லாத்தாளின் கண்முன் ஒரு புள்ளி பளிச்சென்றது.

"ஒச்சாயி, இது யாரு பாஸ் பண்ணுன துணி?"

"நாந்தேன்க்கா. ஏன்?"

"ஓட்டையிருக்குதுடி."

"கடுகத்தண்டிதானக்கா. வெளிநாட்டுக்கே போகும்."

"வெளிநாட்டுக்குப் போகட்டும். என்ற மூஞ்சிக்கு வருதே."

உள்ளிருந்தே கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தாள். அவிநாசி தாண்டியதும் அசதியில் தூங்கிப்போனாள், விரல் நழுவியது. இறங்கும்போது மூக்கோரம் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு.

அடுத்த மாதம் தூரமாகவேண்டிய நாள் வந்தது. அன்றெல்லாம் செல்லாத்தாள் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் மெல்ல எழுந்து ஸ்டூலைப் பார்த்தாள், சேலையைத் திருப்பிப் பார்த்தாள். கறையில்லை.

"என்னக்கா ஆச்சு?" ஒச்சாயி கிசுகிசுத்தாள்.

"அங்க இருந்தது போச்சு. நீ உட்ட ஓட்டைதான் மூஞ்சியில நிக்குது. போய்த் துணியப் பாருடி."